அட்டவணை சரி, வளைவு தப்பு: இருபடி வரைபடத்தில் பிள்ளைகள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

மாலைவகுப்பு:

வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் எடுக்கிறேன். பொதுத்தேர்வின் 8 மதிப்பெண் வரைபடக் கேள்வியை எல்லோரும் நம்பிப் பயிற்சி செய்கிறார்கள். ஆனால் அங்கேதான் இரண்டு மூன்று மதிப்பெண் கசிகிறது. இப்போது கொடுத்திருக்கும் கணக்கு இது:

y = x² − 3x − 4 என்பதன் வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு x² − 2x − 3 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க.

அட்டவணையில் x = 1 என்றாலும் y = −6, x = 2 என்றாலும் y = −6. பாதிப் பேர் அந்த இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து இணைத்து, அடி தட்டையான பாத்திரம் போல வரைந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் கூர்மையாக V மாதிரி வரைகிறார்கள். எதிர்க்குறி உள்ள x மதிப்புகளில் (−2)² என்பது −4 ஆகிவிடுகிறது. அடுத்து, கழித்து நேர்க்கோடு எடுக்கும் இடத்தில் சிலருக்கு y = −x − 1, சிலருக்கு y = x + 1. இரண்டாவதைப் போட்டவர்களுக்கும் ஒரு விடை சரியாக வருவதால் தப்பு எங்கே என்று காட்டுவதே கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று: பின்னம் கலந்த ஒருபடிச் சமன்பாட்டிலேயே பலர் தடுமாறுகிறார்கள். அதைச் சரி செய்யாமல் இருபடிக்குப் போவது வீண் என்று படுகிறது. எங்கிருந்து பிடிப்பது, எந்த வரிசையில் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நன்றி.

கட்டத்தாள்:

டீச்சர், முதலில் அந்தத் தட்டையான அடியை எடுத்துக்கொள்வோம். அதில் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. முழு எண்களை மட்டும் போட்ட அட்டவணை அவ்வளவுதான் காட்டும். அடுத்தடுத்த இரண்டு இடங்களில் y ஒரே மதிப்பாக வந்தால், வளைவு அந்த இரண்டுக்கும் நடுவில் இறங்கித் திரும்பியிருக்கிறது என்று பொருள். நடுப்புள்ளி x = 1.5. போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 2.25 − 4.5 − 4 = −6.25.

x-அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y-அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்தால், y-அச்சில் ஒரு சின்னக் கட்டம் 0.2 அலகு. ஆக முனைப்புள்ளி (வளைவு திரும்பும் அந்த இடம்) −6 கோட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். மொத்தமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்தப் புள்ளியைக் குறித்துவிட்டால் கை தானாக வளைந்து போகும். குறிக்காவிட்டால் ஸ்கேலைத் தேடும்.

அதனால் அட்டவணை போடும் முன்பே, கோவையை ax² + bx + c என்று வைத்து −b/2a கணக்கிடும் பழக்கம் வேண்டும். இங்கே a = 1, b = −3; ஆக 3/2. சமச்சீர் அச்சு x = 1.5. அதிலிருந்து இரு பக்கமும் சமமாக விரித்தால் −3 முதல் 6 வரை, அல்லது இடம் போதாவிட்டால் −2 முதல் 5 வரை. பெரும்பாலோர் எந்தக் கணக்கு வந்தாலும் −4 முதல் 4 வரை என்று மனப்பாடமாக எடுத்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அப்படி எடுத்தால் என்ன ஆகும் பாருங்கள்: x = −4 இல் y = 24; அதற்கு மட்டும் மேலே 12 செ.மீ. வேண்டும். வலது பக்கமோ x = 4 இல் y = 0 என்று நின்றுவிடும். வளைவின் வலது கை x-அச்சைத் தாண்டி ஏறவே ஏறாது. பாதி பரவளையம்தான் (இருபடி வளைவின் பெயர் அது) தாளில் இருக்கும்.

அட்டவணையை வரி வரியாக எழுத வைக்க வேண்டும். நேரடியாக y எழுத விடக்கூடாது.

x: −3, −2, −1, 0, 1, 2, 3, 4, 5, 6
x²: 9, 4, 1, 0, 1, 4, 9, 16, 25, 36
−3x: 9, 6, 3, 0, −3, −6, −9, −12, −15, −18
−4: எல்லா இடத்திலும் −4
y: 14, 6, 0, −4, −6, −6, −4, 0, 6, 14

இதில் x² வரியில் ஓர் எதிர்க்குறி கூட வரக்கூடாது. வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். −3x வரி ஒவ்வொரு படிக்கும் மூன்று மூன்றாகக் குறைய வேண்டும். கடைசியில் y வரியின் அடுத்தடுத்த வித்தியாசங்களைப் பென்சிலால் கீழே எழுதச் சொல்லுங்கள்: −8, −6, −4, −2, 0, 2, 4, 6, 8. ஒவ்வொன்றும் முந்தையதை விட 2 கூட. x-ஐ ஒவ்வோர் அலகாக நகர்த்தினால் அந்த 2 என்பது எப்போதும் 2a தான். (−2)²-ஐ −4 என்று போட்ட பிள்ளைக்கு x = −2 இல் y = −2 வரும். வித்தியாசம் −16, 2, −4 என்று ஓடும். ஒரு பார்வையிலேயே எந்தக் கட்டத்தில் தப்பு என்று தெரிந்துவிடும். அரை நிமிடம்கூட ஆகாது. இதை விட்டுவிட்டு வளைவு வரையவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

வரையும்போது தாளைத் திருப்பிக்கொள்ளலாம். வளைவின் உட்பக்கத்தில் உள்ளங்கை இருக்க வேண்டும். மணிக்கட்டை ஊன்றி, பென்சிலை முதலில் தாளில் படாமல் இரண்டு தடவை புள்ளிகள் மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரே இழுப்பில் மெல்லிசாக வரையலாம். வளைவின் இடது கை ஒரு இழுப்பு, வலது கை ஒரு இழுப்பு என்று இரண்டாக வரைந்தால் சேருமிடம் முனையில் விழுகிறது, அதுதான் V. எனவே சேருமிடத்தைப் பக்கவாட்டில், (4, 0) அருகில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைகள் கடைசிப் புள்ளியோடு நின்றுவிடாமல் கொஞ்சம் நீண்டு அம்புக்குறியோடு முடிய வேண்டும். மேலே போகப் போக உள்பக்கம் மடங்கவும் கூடாது.

சரிபார்ப்பு:

கட்டத்தாள் சார் வளைவைச் சொல்லிவிட்டார். நான் அந்த y = x + 1 விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே ஏமாற்றும் தப்பு.

வழக்கமாக மேலே y = x² − 3x − 4, கீழே 0 = x² − 2x − 3 என்று எழுதிக் கழிக்கச் சொல்கிறோம். கீழ்வரியின் குறிகளை மாற்றிக் கூட்டும்போது −2x என்பது +2x, −3 என்பது +3; விடை y = −x − 1. பிள்ளைகள் அவசரத்தில் வலது பக்கத்தை மட்டும் தலைகீழாகக் கழிக்கிறார்கள், இடது பக்கத்தை அப்படியே y என்று வைத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது y = x + 1. இந்தக் கோடு பரவளையத்தை x = −1, x = 5 என்ற இடங்களில் வெட்டும். −1 சரியான விடை, 5 தவறான விடை. −1 ஏன் தப்பிக்கிறது என்றால் அங்கே y = 0; பூஜ்யத்துக்குக் குறி மாறினாலும் பூஜ்யம்தான். 5-ஐச் சமன்பாட்டில் போட்டால் 25 − 10 − 3 = 12. பூஜ்யம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கழித்தலையே தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. தீர்க்க வேண்டிய கோவைக்குள் வரைந்த கோவையைத் தேடுங்கள்:

x² − 2x − 3 = (x² − 3x − 4) + x + 1

அடைப்புக்குள் இருப்பது y. ஆகவே y + x + 1 = 0, அதாவது y = −x − 1. மேல் கீழ், எதிலிருந்து எதைக் கழிப்பது என்ற குழப்பமே இல்லை. ஏன் கோடு வரைகிறோம் என்பதும் இதிலேயே புரிந்துவிடும்: y-க்கு வளைவு ஒரு மதிப்புச் சொல்கிறது, கோடு ஒரு மதிப்புச் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகும் x-தான் விடை. வெட்டும் புள்ளிகள் (−1, 0), (3, −4). ஆனால் விடை எழுதும்போது x = −1, x = 3 என்று மட்டும் எழுத வேண்டும். புள்ளியையே விடையாக எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

கோடு வரைய இரண்டு புள்ளி போதும்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால், 1 செ.மீ. இடைவெளியில் அரை மில்லிமீட்டர் பிசகு 8 செ.மீ. தள்ளி 4 மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். அதனால் x = −3 இல் y = 2, x = 5 இல் y = −6 என்று தூரத்தில் இரண்டு, நடுவில் சரிபார்க்க x = 0 இல் y = −1. மூன்றும் ஒரே கோட்டில் விழாவிட்டால் கணக்கிலேயே பிழை.

இனி பின்னம். எனக்கு இதுதான் அடிப்படை என்று தோன்றுகிறது, நீங்கள் கேட்டதும் சரிதான். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற வாய்ப்பாட்டை ஒரு மாதம் மறந்துவிடச் சொல்லுங்கள். எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம். வாய்ப்பாடாகப் பிடித்த பிள்ளை 3x = 12-இல் 3-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் −3 ஆக்கி x = 9 என்று எழுதும். இரண்டு பக்கமும் 3-ஆல் வகுக்கிறேன் என்று சொல்லி எழுதுகிற பிள்ளை எழுதாது.

ஒரு மாதிரி: (x − 2)/3 − (x − 5)/4 = 1.

3-க்கும் 4-க்கும் மீ.பொ.ம. 12. எல்லா உறுப்பையும் 12-ஆல் பெருக்கினால் 4(x − 2) − 3(x − 5) = 12. விரித்தால் 4x − 8 − 3x + 15 = 12; x + 7 = 12; x = 5. போட்டுப் பார்த்தால் 3/3 − 0 = 1, சரி.

தப்பு விடை எதுவோ அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். x = 35 என்று வந்தால், −3 × −5 என்பதை −15 ஆக்கியிருக்கிறார்கள். x = −6 என்று வந்தால், வலப்பக்கத்து 1-ஐ 12-ஆல் பெருக்க மறந்திருக்கிறார்கள். அந்த −6-ஐ மூலச் சமன்பாட்டில் போடச் சொல்லுங்கள்: −8/3 + 11/4 = 1/12. ஒன்று வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டில் ஒன்று. எதை மறந்தோம் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். பின்னத்தின் கோடு ஓர் அடைப்புக்குறி மாதிரி என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெருக்கும் முன்பே தொகுதிக்கு அடைப்பு போட்டு எழுதினால் பாதிப் பிழை போய்விடும்.

வடமராட்சியான்:

ரீச்சர், நான் இலங்கைப் பாடத்திட்டத்தில் எழுதுகிறேன். சொற்கள் கொஞ்சம் வேறு. உங்கட வரைபடம் எங்களுக்கு வரைபு, சாய்வு என்பது படித்திறன், முனைப்புள்ளி என்பது திரும்பற் புள்ளி, மதிப்பு என்பது பெறுமானம், எதிர்க்குறி என்பது மறை. சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் (O/L) இதே விசயத்தை வேறு பக்கத்தால் கேட்பார்கள். அது உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும்.

எங்களுக்கு y = (x − 2)² − 5 என்ற வடிவத்தில் சார்பு வரும். அட்டவணையில் ஒரு பெறுமானம் விடுபட்டிருக்கும். அதைக் கண்டு, வரைந்து, திரும்பற் புள்ளியின் ஆள்கூறு என்ன, y மறையாக இருந்துகொண்டு அதிகரிக்கும் x-இன் பெறுமான வீச்சு என்ன என்று கேட்பார்கள். இங்கே அட்டவணை −1 முதல் 5 வரை: 4, −1, −4, −5, −4, −1, 4. நடுவில் −5, இரு பக்கமும் கண்ணாடி போல.

திரும்பற் புள்ளியை (−2, −5) என்று எழுதுவதுதான் இங்கே பெரிய பிழை. குறியைப் பார்த்து எழுதப் பழக்கினால் அது நிற்காது. ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: அடைப்புக்குள் இருப்பது எந்த x-க்குப் பூச்சியமாகும்? 2-க்கு. வர்க்கம் பூச்சியத்தை விடக் குறைய முடியாது, ஆகவே y-இன் இழிவுப் பெறுமானம் −5, அது x = 2 இல். குறி மாற்றும் விதி ஒன்றும் தேவையில்லை.

வரைபு x-அச்சை வெட்டும் இடங்களை வாசித்தால் ஏறத்தாழ −0.2, 4.2. மறையாக இருந்து அதிகரிப்பது 2 < x < 4.2. இதிலேயே √5-இன் அண்ணளவான பெறுமானத்தையும் காணக் கேட்பதுண்டு: (x − 2)² = 5 என்றால் x = 2 + √5; ஆகவே 4.2 − 2 = 2.2. உண்மையான பெறுமானம் 2.236. வரைபு முதலாம் தசமதானம் மட்டும்தான் தரும், அதற்கு மேல் வாசித்து 4.236 என்று எழுதினால் அது வரைபில் இருந்து வந்தது அல்ல என்று தெரிந்துவிடும்.

உங்கள் y = x² − 3x − 4-ஐ இந்த வடிவத்துக்குக் கொண்டுவரலாம். 3-இல் பாதி 1.5. (x − 1.5)² = x² − 3x + 2.25. கூடிவிட்ட 2.25-ஐத் திருப்பிக் கழித்தால் y = (x − 1.5)² − 6.25. கட்டத்தாள் அண்ணை நடுவில் போட்டுக் கண்ட அதே −6.25. மூலங்களும் இதிலேயே தெரியும்: (x − 1.5)² = 6.25, x − 1.5 = ±2.5, x = 4 அல்லது −1. சமச்சீர் அச்சில் இருந்து இரண்டு பக்கமும் இரண்டரை அலகு. பாதியாக்கி வர்க்கம் கூட்டுவது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குச் சதுரம் கீறிக் காட்டுங்கள். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் x² + 10x = 39-ஐ அப்படித்தான் செய்தார்: x பக்கமுள்ள சதுரம், அதன் இரண்டு பக்கத்தில் 5 அகலப் பட்டை ஒவ்வொன்று, மூலையில் 5 × 5 அளவில் ஒரு வெற்றிடம். அந்த 25-ஐ நிரப்பினால் 39 + 25 = 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8, x = 3. நீளம் என்பதால் அவர் 3-ஐ மட்டும் சொன்னார். −13-உம் பொருந்தும், 169 − 130 = 39.

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. வித்தியாசம் எழுதிப் பார்ப்பதும், கோவைக்குள் கோவையைத் தேடுவதும் நாளையே வகுப்புக்குப் போகிறது. தொடர்ந்து மூன்று சந்தேகம். அதே பரவளையத்தை வைத்து 2x² − 5x − 7 = 0 என்று கேட்டால்? x² ஒத்துப்போகவில்லையே. இரண்டாவது, கோடு வளைவைத் தொடாமல் போனால் பிள்ளைகள் தங்கள் வரைபடமே தப்பு என்று அழித்துவிடுகிறார்கள், எப்படி நம்பவைப்பது? மூன்றாவது, ஒருபடி வரைபடத்திலேயே சாய்வின் குறியை மாற்றிப் போடுகிறார்கள்.

சரிபார்ப்பு:

முதல் சந்தேகம் எளிது. 2-ஆல் வகுத்துவிடுங்கள்: x² − 2.5x − 3.5 = 0. இதற்குள் y-ஐத் தேடினால் y + 0.5x + 0.5 = 0. கோடு y = −0.5x − 0.5. ஒற்றை எண்களைப் போட்டால் பின்னம் வராது: x = −3 இல் 1, x = 5 இல் −3. வெட்டுவது x = −1, x = 3.5. வகுக்காமல் நேராகக் கழித்தால் x² மீந்துவிடும், கோடு கிடைக்காது. அதுவே அவர்களுக்கு எச்சரிக்கை.

இரண்டாவதுக்கு நல்ல காட்சி ஒன்று இருக்கிறது. அதே பரவளையத்தில் மூன்று சமன்பாடுகளைக் கொடுங்கள்: x² − 2x − 3 = 0, x² − 2x + 1 = 0, x² − 2x + 2 = 0. முறையே கோடுகள் y = −x − 1, y = −x − 5, y = −x − 6. மூன்றுக்கும் சாய்வு −1, ஆக இணைகோடுகள். முதல் கோட்டின் மேல் மூலைமட்டத்தை வைத்து, ஸ்கேலில் முட்டுக் கொடுத்து, மெதுவாகக் கீழே நகர்த்தச் சொல்லுங்கள். இரண்டு வெட்டுப்புள்ளிகளும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும். −x − 5-க்கு வரும்போது (1, −6) இல் ஒன்றாகிவிடும். இன்னும் ஒரே ஓர் அலகு இறக்கினால் கோடு விலகிவிடும். மூலங்கள் எப்படிப்பட்டவை என்று காட்டும் தன்மைகாட்டி b² − 4ac-யும் அதே வரிசையில் 16, 0, −4 என்று இறங்கும்.

"வரைபடம் தப்போ" என்று பயப்படுகிற பிள்ளைக்கு அந்த இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். வளைவின் y-இலிருந்து கோட்டின் y-ஐக் கழித்தால் கிடைப்பது அந்தச் சமன்பாட்டின் இடப்பக்கமேதான்: x² − 2x + 2. x = 1 இல் அது 1. நம் அளவுத்திட்டத்தில் 1 அலகு என்பது 5 மி.மீ. ஸ்கேலை நிமிர்த்தி வைத்து x = 1 இல் அளந்தால் சரியாக 5 மி.மீ. இருக்கும், வேறு எங்கே அளந்தாலும் அதைவிடக் கூடும். மெய்யெண் மூலங்கள் இல்லை என்பதற்குத் தாளிலேயே அளந்த சாட்சி அது. இதற்கு y-அச்சை −10 வரை கீழே இறக்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டுக்கு x = 4 இல் இடம் கிடைக்காது.

கட்டத்தாள்:

சாய்வுக்கு நான் வருகிறேன். 2x + 3y = 12 என்று கொடுத்தால் x-இன் கெழுவைப் பார்த்து "சாய்வு 2" என்று எழுதுகிறார்கள். y-ஐத் தனியாக்காமல் சாய்வைப் படிக்கக்கூடாது: 3y = −2x + 12, y = −(2/3)x + 4. வலப்பக்கம் 3 நகர்ந்தால் கீழே 2. புள்ளிகள் (0, 4), (3, 2), (6, 0). x-க்கு 3-இன் மடங்குகளைப் போட்டால் y முழு எண்ணாக வரும். 1, 2 என்று போட்டுவிட்டு 3.33-ஐத் தாளில் தேடுவதில்தான் நேரம் போகிறது.

இன்னொரு குழப்பம், x = 0 என்று போட்டுக் கிடைத்த 4-ஐ x-அச்சில் குறிப்பது. x = 0 என்றால் வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை, ஆதிப்புள்ளியிலேயே நின்று மேலே மட்டும் ஏறுகிறோம் என்று விரலால் காட்ட வேண்டும். இதோடு x − y = 1-ஐயும் சேர்த்து வரைந்தால் (3, 2) இல் வெட்டும். இரண்டிலும் போட்டுப் பார்க்கலாம்: 6 + 6 = 12, 3 − 2 = 1. ஒன்றில் மட்டும் போட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அது பொருந்திவிடும்.

அளவுத்திட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. y-அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்த தாளில் y = −x − 1 கோடு 45 பாகையில் தெரியாது. 1 செ.மீ. வலம் போனால் அரை செ.மீ.தான் இறங்கும். கண்ணால் பார்த்துச் சாய்வு −½ என்று எழுதிவிடுவார்கள். சாய்வைக் கட்டத்தை எண்ணிச் சொல்லக்கூடாது, அச்சில் எழுதிய எண்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

வர்க்கமூலம்:

தாமதமாக வருகிறேன். வரைபடம் பற்றிச் சொல்ல மிச்சமில்லை. தீர்க்கும் முறைகளில் மதிப்பெண் போகும் இரண்டு மூன்று இடங்களைச் சேர்க்கிறேன்.

(x − 2)(x + 3) = 6 என்று கொடுத்தால் x − 2 = 6, x + 3 = 6 என்று பிரித்து x = 8, x = 3 என்று எழுதுவார்கள். இதிலும் 3 தற்செயலாகச் சரி (1 × 6 = 6); 8 தப்பு (6 × 11 = 66). பெருக்கற்பலன் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே ஏதாவது ஒரு காரணி பூஜ்யம் என்று சொல்ல முடியும். 6 எத்தனையோ விதமாகப் பிரியும். விரித்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் சேர்த்தால் x² + x − 12 = 0, x = 3 அல்லது −4. அதேபோல x² = 5x-இல் இரு பக்கமும் x-ஆல் வகுத்தால் x = 0 என்ற விடை காணாமல் போய்விடும். பரவளையம் y = x²-உம் கோடு y = 5x-உம் ஆதிப்புள்ளியிலும் வெட்டுகின்றன என்று வரைந்து காட்டினால் மறக்க மாட்டார்கள்.

x = (−b ± √(b² − 4ac))/2a என்ற சூத்திரத்தில் b எதிர்க்குறியாக இருக்கும்போதுதான் பிரச்சினை. 2x² − 5x − 7 = 0 என்றால் முதலில் a = 2, b = −5, c = −7 என்று தனி வரியில் எழுத வேண்டும். b² = 25; −25 அல்ல. −4ac = +56. கூட்டினால் 81, வர்க்கமூலம் 9. x = (5 ± 9)/4, அதாவது 3.5, −1. 25-க்குப் பதில் −25 போட்டால் 31 வரும். முழு வர்க்கம் இல்லை என்றதும் ஒருமுறை குறியைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பின்னக்கோடு −b-க்கும் சேர்த்துக் கீழே ஓட வேண்டும், வர்க்கமூலத்துக்கு மட்டும் அல்ல.

வர்க்கப் பூர்த்தியில் (வடமராட்சியான் காட்டிய, பாதியாக்கி வர்க்கம் கூட்டும் முறை) 5/4, 25/16 என்று பின்னம் பெருகி மிரளும் பிள்ளைகளுக்குப் பழைய இந்தியக் கணிதர் ஸ்ரீதரரின் வழியைக் காட்டலாம். 12-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாஸ்கரர் அதை ஸ்ரீதரர் பெயரிலேயே எடுத்துக்காட்டுகிறார். இரு பக்கமும் 4a-ஆல் பெருக்கி, b²-ஐக் கூட்டுவது. இங்கே 4a = 8: 16x² − 40x = 56. 25-ஐக் கூட்டினால் 16x² − 40x + 25 = 81, அதாவது (4x − 5)² = 81. 4x − 5 = ±9. அதே 3.5, −1. கடைசி வரி வரைக்கும் பின்னமே இல்லை. சூத்திரத்தில் இருக்கும் b² − 4ac எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

எந்த முறை எப்போது என்றால், b² − 4ac-ஐ முதலில் போடுங்கள். முழு வர்க்கமாக வந்தால் காரணிப்படுத்தலாம், வராவிட்டால் காரணி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராகச் சூத்திரம்.

மாலைவகுப்பு:

அந்த மூன்று இணைகோடுகளை ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் காட்டினால் வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கலாமே? ஆனால் திரையில் வளைவு தாளில் இருப்பதைவிட ஒடுங்கித் தெரிகிறது, பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

சரிபார்ப்பு:

தாராளமாகக் காட்டலாம் டீச்சர். திரையில் இரண்டு அச்சும் ஒரே அளவில் இருப்பதால்தான் ஒடுக்கம். உங்கள் தாளில் y-அச்சு பாதியாக அமுங்கியிருக்கிறது. அமைப்பில் அச்சுகளின் விகிதத்தை 1 : 2 என்று மாற்றிவிட்டால் தாளும் திரையும் ஒத்துப்போகும். பிறகு y = −x + k என்று எழுதி k-க்கு ஒரு ஸ்லைடர் வையுங்கள், −1 முதல் −6 வரை, படி 0.5. முதலில் பிள்ளைகள் தாளில் வரைந்து முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகே திரை. k-ஐ நகர்த்தும் முன் "எந்த இடத்தில் ஒரே புள்ளியில் தொடும்?" என்று கேட்டு, x² − 2x − 4 − k = 0 என்பதன் தன்மைகாட்டியைப் பூஜ்யமாக்கிக் கணக்கிடச் சொல்லுங்கள்: 4 + 16 + 4k = 0, k = −5. பிறகு ஸ்லைடரை −5-இல் நிறுத்துங்கள்.